சேற்றுக்கு அடியில் என்ன

டயர்க்கடைக்காரிக்கு 'பிரஷர்' என்று பட்டப்பெயர் வைத்தவன் அவளுடைய கொழுந்தன்தான். எந்த வண்டி கடைக்குள் நுழைந்தாலும், ஓட்டி வந்தவர் கால் ஊன்றி இறங்குவதற்குள், "காத்து எவ்வளவு வச்சிருக்கீங்க?" என்று கேட்டுவிடுவாள். "எங்க அண்ணி ஊருக்கே பிரஷர் பாப்பாங்க. அவங்களுக்கு மட்டும் ஏறவே ஏறாது" என்று கொழுந்தன் வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பான். பதிலுக்கு அவள் அவனுக்கு 'ராக்கெட்' என்று வைத்தாள். அதற்குக் காரணம் கேட்டவர் யாருமில்லை. அவன் நாலுசக்கர பைக்கை ஓட்டுவதை ஒருமுறை பார்த்தவர்கள் மறுமுறை சுவரோரம் ஒதுங்கி நின்றுகொள்வார்கள்.

அவள் கணவன் நெடுந்தூர லாரி ஓட்டுகிறவன். மாதத்தில் நாலைந்து நாள்தான் வீட்டில் இருப்பான். அதனால் கடை முழுக்க அண்ணியும் கொழுந்தனும்தான். கழற்றுவது, மாட்டுவது, பஞ்சர் பார்ப்பது எல்லாம் அவள் வேலை. விற்பது அவன் வேலை. கொல்லன் தெருவிலேயே ஊசி விற்றுவிட்டு வரக்கூடிய ஆள்.

ஒரு புதன்கிழமை காலை, பிரஷர் ஒரு டிராக்டர் டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக் குமிழி தேடிக்கொண்டிருந்தபோது, சேறு காய்ந்து சாம்பல் நிறத்தில் உதிர்ந்துகொண்டிருந்த நாலுசக்கர பைக் ஒன்று வாசலில் வந்து நின்றது. ஓட்டி வந்தவள் மழைக்கோட்டைக் கழற்றவில்லை. பின்னால் கட்டியிருந்த நீல ஐஸ்பெட்டியை அவிழ்த்து எடுத்துவந்து, பிரஷரின் காதருகே வைத்து மெல்லக் குலுக்கினாள்.

"என்ன கேக்குது?"

"கண்ணாடி."

"கரெக்ட். அறுபது குப்பி தடுப்பூசி மருந்து கொண்டு போனேன், குப்பிக்கு ரெண்டு மூணு மாடு. மேல போய்த் தொறந்து பாத்தா இருபத்தி மூணு உடைஞ்சு கெடக்குது. உங்க கடை டயருங்க. போன மாசம் மாட்டினது."

அவள் கால்நடை மருத்துவமனை டாக்டர். முப்பத்தைந்து வயதிருக்கும். கத்தரித்த முடி, வெட்டொன்று துண்டு இரண்டான பேச்சு. பிரஷர் கையைத் துடைத்துக்கொண்டு வண்டியைச் சுற்றி வந்தாள். நாலு சக்கரத்திலும் இருபத்தெட்டு அங்குல சேற்று டயர். டயர் மேல் முட்டி நிற்கும் ஒவ்வொரு ரப்பர் பட்டனும் இரண்டு அங்குல உயரம், பட்டனுக்கும் பட்டனுக்கும் நடுவே ஒரு கையை நுழைக்கலாம். தங்கையின் பிரசவத்துக்காக அவள் கடைக்கு வராமல் இருந்த வாரத்தில் மாட்டியிருக்க வேண்டும். யார் மாட்டியது என்று கேட்கவும் வேண்டியதில்லை.

டீ கிளாஸோடு ராக்கெட் உள்ளிருந்து வந்தான்.

"வாங்க டாக்டர்! சேத்துல எப்படிப் போச்சு? சும்மா கப்பல் மாதிரி போயிருக்குமே!"

"சேத்துல கப்பல்தான். மத்த இடத்துல கட்டை வண்டி. கை ரெண்டும் தோள்பட்டை வரைக்கும் நடுங்குது. திருப்பினா திரும்ப மாட்டேங்குது. மேட்டுல ஏறும்போது இன்ஜின்ல ரப்பர் கருகுற வாசனை வேற."

"பெல்ட்" என்றாள் பிரஷர். "டயர் பெருசாச்சுன்னா சுத்தறதுக்குப் பலம் அதிகம் வேணும். பெல்ட் வழுக்கிச் சூடாகும்." பிறகு டாக்டரிடம் கேட்டாள்: "மொத்தம் எவ்வளவு தூரம்?"

"பதினோரு கிலோமீட்டர்."

"அதுல சேறு எவ்வளவு?"

டாக்டர் யோசித்தாள். "ஒரு கிலோமீட்டர்கூட இருக்காது."

"மிச்சம்?"

"சரளைக் கல்லு, பாறை, மர வேர்."

ராக்கெட் டீயைக் கீழே வைத்தான். "டாக்டர், நீங்க அன்னிக்கு சேறுன்னுதானே சொன்னீங்க!"

"நீங்க 'சேறு இருக்கா'ன்னு கேட்டீங்க. 'இருக்கு'ன்னேன். நான் வாயை மூடறதுக்குள்ள டயரை மாட்டிட்டீங்க."

பிரஷர் கொழுந்தனைத் திட்டவில்லை. வெளியாள் முன்னால் திட்டுவது அவள் வழக்கமுமில்லை. "டயர் நல்ல டயர்தான் டாக்டர். பாதையைக் கேக்காம கொடுத்தோம் பாருங்க, அதுதான் தப்பு. ஒரு கிலோமீட்டர் சேத்துக்காகப் பத்து கிலோமீட்டர் கல்லுல தாளம் போட்டுக்கிட்டே போயிருக்கீங்க. மருந்து பாவம், அதுக்குத் தாளம் தெரியாது."

டாக்டருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். சிரிக்கிற நிலையில் அவள் இல்லை. கீழே பள்ளத்தாக்கில் இரண்டு தொழுவங்களில் கோமாரி வந்துவிட்டது. வாய்ப்புண், குளம்புப் புண், தீனி எடுக்காமல் மாடுகள் எச்சில் ஒழுகப் படுத்துக் கிடந்தன. பாதையின் மறுமுனையில், மேட்டுக் குடியிருப்பில், நூற்று நாற்பது உருப்படிகள் இருந்தன. அங்கே பாலைத் தவிர வேறு பிழைப்பு கிடையாது. பாதிக்குத்தான் ஊசி போட முடிந்தது. திங்கட்கிழமை புது மருந்து வருகிறது. அன்றைக்கே மேலே போய்ச் சேர வேண்டும்.

"இந்தத் தடவை ஒரு குப்பிகூட உடையக் கூடாதுங்க. ஐஸும் மூணு மணி நேரத்துக்கு மேல தாங்காது. என்ன டயர்னு சொல்லுங்க, இப்பவே மாட்டிடலாம்."

"சொல்ல மாட்டேன்" என்றாள் பிரஷர். "நாளைக்குக் காலையில அந்தப் பாதையை எனக்குக் காட்டுங்க. பாத்துட்டுச் சொல்றேன்."

"நல்லா இருக்கு அண்ணி" என்றான் ராக்கெட். "செருப்பு வாங்க வந்தவங்க பின்னாடியே அவங்க வீடு வரைக்கும் நடந்து போய்ப் பாத்துட்டு வந்துதான் செருப்பு விப்பீங்களா?"

"வழியில முள்ளு இருக்குன்னு சொன்னா, போய்ப் பாப்பேன்."

மறுநாள் வியாழக்கிழமை இரண்டு பெண்களும் கடையின் பழைய நாலுசக்கர பைக்கில் கிளம்பினார்கள். பிரஷர் ஆறடி இரும்புக் கம்பி ஒன்றை எடுத்துக்கொண்டாள். சாணுக்கு ஒரு கோடாக அதில் வெள்ளைப் பெயின்ட் பூசியிருந்தாள். இரவு பெய்த மழை விட்டிருந்தது. மரங்கள் மட்டும் சொட்டிக்கொண்டிருந்தன.

முதல் ஆறு கிலோமீட்டர் சரளைப் பாதை. உடைந்த கற்களின் விளிம்புகள் கத்தி மாதிரி நின்றன. பிரஷர் அடிக்கடி இறங்கிக் கற்களைக் கையில் எடுத்து விரலால் தடவிப் பார்த்தாள். "இது டயரோட அடியை ஒண்ணும் செய்யாது. பக்கவாட்டைத்தான் கிழிக்கும். ஆறு பிளை போதாது, எட்டு பிளை வேணும்" என்றாள். டாக்டர் பிளை என்றால் என்ன என்று கேட்டாள். "உள்ள இருக்கிற துணி அடுக்கு மாதிரி. அடுக்கு கூடக் கூடக் கிழியாது. ஆனா கனமாகும், விறைப்பா இருக்கும். எல்லாத்துக்கும் ஒரு விலை இருக்கு டாக்டர்."

அதன்பின் மர வேர்கள் குறுக்கே ஓடும் பாதை. அதைத் தாண்டினால் இரு சரிவுகளுக்கு நடுவே தாழ்ந்து கிடந்தது சேறு. பார்த்தால் சமையலறையில் கரைத்து வைத்த மாவுபோல மினுமினுவென்று அமைதியாக இருந்தது.

பிரஷர் முழங்கால் வரை பூட்ஸ் போட்டுக்கொண்டு உள்ளே இறங்கினாள். கம்பியை ஊன்றினாள். இரண்டு சாண், இரண்டரைச் சாண், பிறகு 'டங்' என்று ஒரு சத்தம். நாலடி தள்ளி மறுபடி ஊன்றினாள். அங்கேயும் 'டங்'. எண்ணூறு அடி நீளம் இருக்கும் அந்தச் சேறு முழுக்க இப்படியே குத்திக்கொண்டு போனாள். கரையோரம் நடந்துவந்த டாக்டருக்கு முதலில் பொறுமை போயிற்று. பிறகு அந்தச் சத்தத்தை எதிர்பார்க்கத் தொடங்கினாள்.

"கேக்குதா? சேத்துக்கு அடியில பாறை இருக்கு" என்று பிரஷர் கத்தினாள். அவள் முகம் மலர்ந்திருந்தது. "அகல டயரு சேத்து மேல மிதக்கும். மிதந்தா வழுக்கும். இங்க நமக்கு மிதக்கவே வேண்டாம். ஒல்லியான டயரு சேத்தைக் கிழிச்சுக்கிட்டு அடிக்குப் போயிரும். பாறையைப் பிடிச்சு நடந்து போயிரும்."

"எல்லாரும் அகலமா இருந்தாத்தான் நல்லதுன்னு சொல்றாங்களே?"

"அடியே இல்லாத சேத்துக்கு அகலம் நல்லது. அடி இருந்தா ஒல்லிதான் கெட்டி. அடியில என்ன இருக்குன்னு பாக்காம ரெண்டுல எதைச் சொன்னாலும் அது குருட்டு ஜோசியம்."

சேறு முடியப்போகிற இடத்தில் ஒரு வளைவு. அங்கே ஊன்றிய கம்பி நிற்கவில்லை. நாலு சாண், ஐந்து சாண், கடைசிக் கோடும் மறைந்து, பிரஷரின் கை முழங்கை வரை சேற்றுக்குள் போயிற்று. அவள் சட்டென்று பின்வாங்கினாள். ஒரு பூட்ஸ் உள்ளேயே மாட்டிக்கொண்டது. அதை இழுத்தெடுக்க இரண்டு பேருக்கும் பத்து நிமிடம் பிடித்தது.

"இந்த முப்பது அடிக்கு என்ன டயர்?" என்று டாக்டர் மூச்சு வாங்கக் கேட்டாள்.

"இங்க எந்த டயரும் இல்ல. இந்த இடத்துக்குப் படகுதான். சுத்திப் போகணும்."

"போன தடவை நான் இது வழியாத்தானே போனேன்?"

"அப்ப மழை இவ்வளவு இல்ல. ஆழம் தெரியாம காலை விடாதேன்னு சொல்வாங்க. நீங்க நாலு காலையும் விட்டிருக்கீங்க. தப்பிச்சுட்டீங்க."

இடப்பக்கச் சரிவில் ஒரு வண்டி போகிற அளவுக்கு வழி இருந்தது. சாய்வானது, வேர்கள் நிறைந்தது, ஆனால் கெட்டியானது. பிரஷர் மரக்கிளையில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டினாள். வளைவு தாண்டியதும் களிமண் ஏற்றம் ஒன்று. அதன் உச்சியில் தொழுவங்களின் தகரக் கூரைகள் தெரிந்தன.

அன்று பிற்பகல் கடையில் டயர் அடுக்குகளுக்கு நடுவே மூன்று பேரும் நின்றார்கள். பிரஷர் தன் முடிவைச் சொன்னாள். உயரம் இருபத்தாறு அங்குலம். அதற்கு மேல் போனால் பெல்ட் கெடும். அகலம் ஒன்பது அங்குலம், முன்னாலும் பின்னாலும். எட்டு பிளை. அதிர்வைக் குறைக்க ரேடியல். பட்டன்கள் முக்கால் அங்குலத்தில் நெருக்கமாக இருக்கும் பாதை டயர்.

ராக்கெட் அந்த டயரை உருட்டிப் பார்த்தான். "இது சேத்துல நிக்காது அண்ணி. பட்டன் ரொம்ப நெருக்கம்."

"அடியில பாறை இருக்குடா."

"பாறை மேல இருக்கிறது சேறுதானே?"

"பதினோரு கிலோமீட்டர்ல பத்து, கல்லு. நான் கணக்குப் போட்டுத்தான் சொல்றேன்."

அவன் தோளைக் குலுக்கிக்கொண்டான். டயர்கள் மாட்டப்பட்டன. ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஆறு பவுண்டு காற்று. காரில் முப்பது பவுண்டு வைத்துப் பழகிய டாக்டர், கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்து, "பஞ்சர் மாதிரி இருக்கே" என்றாள். "கல்லுல அமுங்கிக் கொடுக்கணும். அதுதான் மருந்துக்கு மெத்தை" என்றாள் பிரஷர்.

வெள்ளியன்று டாக்டர் பள்ளத்தாக்குத் தொழுவங்களுக்குப் போயிருந்தாள். சனிக்கிழமை காலை, செங்கல் சூளைக்குப் பின்னால் இருந்த பழைய களிமண் மேட்டில் சோதனை ஓட்டம் வைத்தார்கள். ஐஸ்பெட்டியில் காலிக் குப்பிகளை நிரப்பிக் கட்டினார்கள். சரளையில் வண்டி வெண்ணெயில் கத்தி போல் போயிற்று. டாக்டர் ஒரு கையை விட்டு அசைத்துக் காட்டினாள். பிரஷர் மார்பில் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

பிறகு வண்டி மேட்டில் ஏறத் தொடங்கியது. பாதி தூரம் ஏறியது. பின்சக்கரங்கள் சுழன்றன, வண்டி நகரவில்லை. கொஞ்சம் முறுக்கினாள், வண்டி பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டே அடிவாரத்துக்கு இறங்கி வந்துவிட்டது. மூன்று முறை முயன்றார்கள். மூன்று முறையும் அதே கதை. நெருக்கமான பட்டன்களுக்கு நடுவே களிமண் அடைத்து, பின்டயர்கள் இரண்டும் எண்ணெய் பூசிய உருளைபோல் வழவழவென்று ஆகியிருந்தன.

ராக்கெட் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "யானைக்கும் அடி சறுக்கும் அண்ணி!"

பிரஷர் டயரிலிருந்து ஒரு கைப்பிடி களிமண்ணைத் தோண்டியெடுத்துப் பார்த்தாள். முகத்தில் வருத்தம் இல்லை. கணக்கில் எங்கே தப்பினோம் என்று தேடுகிற முகம். "நான் சேத்தைக் குத்திப் பாத்தேன். ஏத்தத்தைக் குத்திப் பாக்கல. மேல இருக்கிறதும் இதே களிமண்தான். நீ சொன்னதுதான் சரி. நெருக்கம் ஆகாது" என்றாள்.

சிரித்துக்கொண்டிருந்தவன் நிறுத்திவிட்டான். அண்ணி இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொள்வாள் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. கிண்டல் செய்வதற்கு ஒன்றுமில்லாமல் போய்விட்டது. கீழே குந்தி, அவனும் டயரைப் பார்த்தான்.

"முன்னாடி டயர் நல்லாத்தான் திரும்புது" என்றான். "அதை மாத்த வேண்டாம். பின்னாடிதான் தள்ளுது. பின்னாடி மட்டும் இடைவெளி விட்ட பட்டன் போடலாம். ரெண்டு அங்குலம் வேண்டாம். ஒண்ணேகால் போதும். சேறு தானா உதிர்ந்துடும்."

"நாலு சக்கரமும் சேந்து இழுக்கிற வண்டிடா இது. முன்னாடி ஒரு சுத்துக்கு ஒரு தூரம், பின்னாடி வேற தூரம்னா கியர் ரெண்டும் இழுபறி போட்டு உடைஞ்சுடும்."

"அளந்து பாப்போம். கடையில மூணு ரகம் இருக்கு."

கடைக்கு வந்து சிமெண்டுத் தரையில் வேலையை ஆரம்பித்தார்கள். டயரில் ஒரு சாக்பீஸ் கோடு, தரையில் ஒரு கோடு. ஒரு முழுச் சுற்று உருட்டி, மறுபடி கோடு தரையைத் தொடும் இடத்தில் இன்னொரு கோடு. முன்டயர் ஆறடி எட்டு அங்குலம் போயிற்று. இடைவெளிப் பட்டன் டயர்களில் முதலாவது இரண்டு அங்குலம் கூடுதல். இரண்டாவது ஒன்றரை அங்குலம் குறைச்சல். எல்லாவற்றிலும் ஒரே 'இருபத்தாறு' என்றுதான் அச்சடித்திருந்தது. "பெட்டியில போட்டிருக்கிறதை நம்பினா அவ்வளவுதான்" என்று பிரஷர் முணுமுணுத்தாள். மூன்றாவது டயர் உருண்டு போய் நின்ற இடத்தில் ராக்கெட் மண்டியிட்டு டேப்பை வைத்தான்.

"கால் அங்குலம் வித்தியாசம் அண்ணி!"

"கால் அங்குலம் தாங்கும். மாட்டு."

அன்று மாலையே அதே மேட்டில் ஏற்றினார்கள். வண்டி முனகியது, சேற்றை வாரி இறைத்தது, ஒருமுறைகூட நிற்காமல் உச்சிக்குப் போய் நின்றது. மேலிருந்து டாக்டர் குப்பிகளை எண்ணி, எல்லாம் முழுசாக இருப்பதாகக் கத்தினாள். அண்ணியும் கொழுந்தனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "பின்னாடி டயர் என் ஐடியா" என்றான் அவன். "அளந்தது யாரு?" என்றாள் அவள்.

திங்கட்கிழமை காலை மழை பெய்துகொண்டிருந்தது. மருந்து எட்டு மணிக்கு வந்தது. மாடுகளைப் பிடிக்க ஆள் வேண்டும், வழியில் ஏதாவது ஆனால் பார்க்கவும் ஆள் வேண்டும் என்று மூன்று பேருமே கிளம்பினார்கள். முன்னால் டாக்டரின் வண்டி, பின்னால் உட்கார்ந்து ஐஸ்பெட்டியை முதுகால் தாங்கிக்கொண்டு பிரஷர். அடுத்ததாக ராக்கெட், தன் சொந்த வண்டியில். அதில் அவன் மாட்டியிருந்தது டாக்டரிடமிருந்து கழற்றிய அந்த இருபத்தெட்டு அங்குல ராட்சச டயர்களை. "வீணாப் போகக் கூடாதில்ல" என்றான்.

சரளைப் பாதையில் டாக்டரின் வண்டி நிதானமாகப் போயிற்று. பின்னால் ராக்கெட்டின் வண்டி அரிசி ஆலை மாதிரி தடதடத்துக்கொண்டு வந்தது. சேற்றுக்குள் இறங்கியதும் பிரஷர் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். ஒல்லி டயர்கள் அமிழ்ந்தன, இன்னும் அமிழ்ந்தன, கால்வைக்கும் பலகை வரை சேறு வந்தது. பிறகு கீழே எதுவோ பிடி கொடுத்தது. வண்டி ஒரே சீராக, கனமான எருமை நடப்பது போல் நடந்தது. "பாறை!" என்று டாக்டர் தலையைத் திருப்பாமலே கத்தினாள்.

"பாறைதான்! முறுக்காதீங்க, அதுவே போகட்டும்!"

சிவப்புத் துணி கட்டிய மரத்தருகே இடப்பக்கச் சரிவில் ஏறினார்கள். பாதி வழியில், சாய்ந்த வண்டியின் முழு பாரமும் கீழ்ப்பக்க முன்சக்கரத்தின் மேல் இறங்கிய நேரத்தில், ஒரு வேர் டயரைப் பக்கவாட்டில் இடித்தது. 'புஸ்' என்று ஒரே சத்தம். டயரின் விளிம்பு ரிம்மை விட்டுக் கழன்று, காற்று மொத்தமும் போயிற்று.

டாக்டர் வண்டியை நிறுத்திவிட்டு கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். கிளம்பி ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. "கிழிஞ்சு போச்சா?"

பிரஷர் ஏற்கெனவே இறங்கி டயரைச் சுற்றி விரல்களை ஓட்டிக்கொண்டிருந்தாள். "இல்ல. எட்டு பிளை அப்படியெல்லாம் கிழியாது. விளிம்பு கழண்டிருக்கு, அவ்வளவுதான். ஆறு பவுண்டு இந்தச் சாய்வுக்குக் கொஞ்சம் கம்மி. என் தப்பு. கால் மணி நேரம் கொடுங்க."

ராக்கெட் ஜாக்கியைக் கொண்டுவந்து சக்கரத்தைத் தூக்கினான். பிரஷர் விளிம்பில் இருந்த சேற்றை விரலாலும் துணியாலும் வழித்தெடுத்தாள். சோப்புத் தண்ணீரைப் பூசினாள். லாரியில் சரக்குக் கட்டும் பட்டை ஒன்றை டயரின் வயிற்றைச் சுற்றி ஒட்டியாணம் போல் போட்டு, இறுக்கத் தொடங்கினாள். ஒவ்வொரு இறுக்கலுக்கும் டயரின் நடுப்பகுதி உள்வாங்க, இரு விளிம்புகளும் வெளியே பிதுங்கி ரிம்மைத் தொட்டன. "அடி" என்றாள். ராக்கெட் கைப்பம்பை அடித்தான். முதலில் காற்று சலசலவென்று கசிந்தது. "நிறுத்தாத, அடி!" அவன் பல்லைக் கடித்துக்கொண்டு அடித்தான். டாக்டர் ஐஸ்பெட்டியை மடியில் வைத்து அதன் மேல் தன் மழைக்கோட்டைப் போர்த்தியிருந்தாள், அவள் நனைந்துகொண்டிருந்தாள்.

'டப்' என்று ஒரு விளிம்பு போய் உட்கார்ந்தது. சற்று நேரத்தில் இன்னொரு 'டப்'.

"ஒன்பது பவுண்டு வை" என்றாள் பிரஷர். "மேல போய்க் குறைச்சுக்கலாம். கொஞ்சம் குலுங்கும் டாக்டர், பெட்டியை என் மடியில கொடுங்க."

பன்னிரண்டு நிமிடம் ஆகியிருந்தது. மிச்சத் தூரம் முழுக்க அவள் பெட்டியைக் கைக்குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். களிமண் ஏற்றத்தில் பின்டயர்கள் மண்ணை வாரி அவள் முதுகில் அப்பின. அவள் அசையவில்லை.

குடியிருப்பில் மாடுகளைக் கட்டிவைத்துக் காத்திருந்தார்கள். டாக்டர் பெட்டியைத் திறந்து ஒவ்வொரு குப்பியாக எடுத்து வெளிச்சத்தில் பார்த்து எண்ணினாள். அறுபது. ஐஸ் பாதிதான் கரைந்திருந்தது. குப்பிகளை அங்கிருந்த பால் குளிர்பெட்டிக்கு மாற்றினாள். பிரஷரின் சேறு படிந்த கையை ஒருதரம் இறுக்கிப் பிடித்துவிட்டு, ஊசியை எடுத்துக்கொண்டு தொழுவத்துக்குள் போனாள்.

பிற்பகல் மூன்று மணி வரை வேலை நடந்தது. சினை மாடு, கன்று, எருது என்று மொத்தம் நூற்று நாற்பது. போன தடவை விட்டுப்போனவற்றோடு, ஊசி போட்டவற்றுக்கும், அந்த மருந்து வழியில் சூடேறி வீரியம் இழந்திருக்குமோ என்று டாக்டர் மறுபடி போட்டாள். கொம்பைப் பிடிக்கும் வேலை ராக்கெட்டுக்கு. ஒரு செவலைப் பசு அவனை முட்டி வைக்கோலில் தள்ளியது. மாட்டுக்காரி ஒருத்தி, "தம்பி, அவளுக்குச் சத்தமா பேசறவங்களைப் பிடிக்காது" என்றாள். அதன்பிறகு அவன் அந்தத் தொழுவத்தில் ரகசியம் பேசுவது போல்தான் பேசினான்.

இறங்கி வரும்போது மழை விட்டிருந்தது. சிவப்புத் துணியருகே பிரஷர் இறங்கி வழி காட்ட, டாக்டர் சரிவைச் சுற்றி வண்டியைப் பத்திரமாகக் கொண்டுவந்தாள். திரும்பிப் பார்த்தால் ராக்கெட் சரிவுக்குத் திரும்பாமல், நேராகச் சேற்றைப் பார்த்து நின்றுகொண்டிருந்தான்.

"டேய், வேண்டாம்!"

"அண்ணி, மருந்து இறங்கியாச்சு. இப்ப என் பாடு, என் டயர் பாடு!"

முறுக்கினான். அந்த ராட்சச டயர்கள் சேற்றை இரு பக்கமும் இறக்கைபோல விசிறியடித்துக்கொண்டு பாய்ந்தன. பத்து அடி, பதினைந்து அடி. உண்மையாகவே கப்பல்தான். பிரஷருக்கே ஒரு கணம் 'போய்விடுவான்போல' என்று தோன்றிவிட்டது. இருபதாவது அடியில் வண்டி தயங்கியது. பின் மரியாதையாக, அவசரமில்லாமல், சீட் வரை உள்ளே இறங்கியது. ராக்கெட் கைப்பிடியைப் பிடித்தபடி இடுப்பளவு சேற்றில் உட்கார்ந்திருந்தான்.

"டயர் எப்படிடா?" என்று கேட்டாள் அண்ணி.

"டயர் நல்லாத்தான் இருக்கு அண்ணி. அடிதான் இல்ல."

மூன்று பேரும் சிரித்தார்கள். டாக்டர் சேற்றங்கரையில் குந்தி உட்கார்ந்து, கண்ணில் நீர் வரும் வரை சிரித்தாள். ஒரு வாரமாக அவள் அடக்கி வைத்திருந்தது எல்லாம் அதில் வெளியே வந்தது. அவனை வெளியே இழுக்க, கயிறு கட்டி, அதை ஒரு பெரிய மரத்தில் சுற்றிக்கொடுத்து டாக்டரின் வண்டியால் இழுத்து, ஒரு மணி நேரம் பிடித்தது. இழுத்தவை ஒன்பது அங்குல ஒல்லி டயர்கள்தான் என்பதை பிரஷர் ஒருமுறைகூடச் சொல்லிக் காட்டவில்லை. வீட்டுக்குப் போன பிறகு கணவனிடம் போனில் சொன்னாள், அது வேறு விஷயம்.

பள்ளத்தாக்கில் கோமாரி மேலும் நான்கு தொழுவங்களுக்குப் பரவிவிட்டு ஓய்ந்தது. மேட்டுக் குடியிருப்புக்கு அது ஏறவில்லை. ஒரு கிழட்டு எருதுக்கு மட்டும் இரண்டு நாள் காய்ச்சல் இருந்து, ஊசியின் விளைவுதான் என்று தெரிந்து, சரியாயிற்று.

நாலு வாரம் கழித்து இரண்டாவது ஊசிக்கான நாள் வந்தது. இந்த முறை டாக்டர் யாரையும் கூப்பிடவில்லை. விடிந்ததும் கடை வாசலில் வண்டியை நிறுத்தி, ஏழரைப் பவுண்டு காற்று வைத்துக்கொண்டு, தனியாகப் போனாள். பிரஷர் அன்று காலை முழுக்க ஒரு லாரி டயரோடு மல்லுக்கட்டிக்கொண்டே வாசல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். பத்து மணிக்குப் போன் அடித்தது. குடியிருப்பின் உச்சியில் ஒரே ஒரு இடத்தில்தான் சிக்னல் கிடைக்கும். அங்கிருந்து டாக்டர் பேசினாள். காற்று இரைந்தது, மாடு ஒன்று கத்தியது.

"என்னாச்சு டாக்டர்?" என்று பிரஷர் பதற்றத்தோடு கேட்டாள்.

"ஒண்ணும் ஆகலக்கா. அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்."